காடாகப் படர்ந்துவிட்ட முல்லைக் கொடி: கவாத்தும் உரமும்

நான்கைந்து ஆண்டுகள் கத்தரி படாமல் வளர்ந்த முல்லைக் கொடி ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் ஒரே தோற்றத்தில்தான் இருக்கிறது. பந்தலின் மேல் ஒரு முழம் கனத்துக்குத் தழை மண்டியிருக்கும். அதைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே இலையே இல்லாத காய்ந்த குச்சிகள் பின்னிக் கிடக்கும். தரையிலிருந்து பந்தல் வரை கட்டைவிரல் பருமனில் நான்கைந்து தண்டுகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு நிற்கும். பூவோ, கைக்கு எட்டாத உச்சியில் ஒரு பிடி இருந்தால் அதிகம். இந்த நிலையில் பெரும்பாலோர் உரம் போதவில்லை என்று எண்ணி, சாணத்தையோ யூரியாவையோ அள்ளி வைக்கிறார்கள். கொடி இன்னும் அடர்த்தியாகத் தழைக்கிறதே தவிர, பூக்கிற பாடில்லை.

காரணம் எளியது. முல்லை அந்தந்தப் பருவத்தில் புதிதாகத் துளிர்க்கும் இளங்கிளைகளின் நுனியிலும் பக்கக் கணுக்களிலும்தான் மொட்டு வைக்கிறது. பழைய, மரத்துப்போன கிளையில் நேரடியாகப் பூ வருவதில்லை. மேலே தழை மூடிவிட்டால் வெயில் உள்ளே இறங்காது. வெயில் படாத கணு துளிர்க்காது. துளிர் இல்லாத இடத்தில் மொட்டுக்கும் வழியில்லை. எனவே முதலில் கத்தரி, அடுத்துத்தான் உரம். இந்த வரிசையை மாற்றிச் செய்பவர்களே முல்லையைப் பற்றி அதிகம் குறைப்பட்டுக்கொள்கிறார்கள்.

வேலையைத் தொடங்கும் முன் உங்கள் வீட்டில் இருப்பது முல்லைதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும், ஏனென்றால் மல்லிகை இனங்களில் கவாத்துக்கான மாதம் இனத்துக்கு இனம் மாறுகிறது. ஓர் இலைக் காம்பைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். நடுவில் அகன்ற ஒரே இலையும், அதன் அடியில் இருபுறமும் அரிசி அளவிலிருந்து சுண்டுவிரல் நகம் அளவு வரையிலான இரண்டு குட்டி இலைகளும் ஒட்டியிருந்தால் அது முல்லை. சில காம்புகளில் அந்தக் குட்டி இலைகள் உதிர்ந்தோ உருவாகாமலோ இருக்கும் என்பதால் நான்கைந்து காம்புகளைப் பார்ப்பது நல்லது. ஒரே காம்பில் ஐந்து, ஏழு என்று சிற்றிலைகள் இறகு போல எதிரெதிராக அடுக்கியிருந்து, மொட்டின் வெளிப்புறத்தில் இளஞ்சிவப்புச் சாயல் ஓடினால் அது ஜாதிமல்லி, குமரி மாவட்டத்தார் பிச்சி என்பது. காம்புக்கு ஒரே இலை, உருண்டு திரண்ட மொட்டு என்றால் குண்டுமல்லி. குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி வாரம், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம் என்பது தமிழ்நாட்டு மலர் விவசாயிகள் கடைப்பிடிக்கும், வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பரிந்துரைக்கும் கணக்கு. பொங்கல் முடிந்து பனி விலகத் தொடங்கும் நாட்கள் என்று முல்லைக்கு நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் காலத்தை இயன்றவரை தவறவிடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தடித்த தண்டுகளை வெட்டினால் வெட்டுவாய் நாள்கணக்கில் ஈரமாகவே இருந்து பூஞ்சணம் பிடிக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் மொட்டையடித்தால், அதுவரை நிழலிலேயே இருந்த பட்டை திடீரெனக் கடும் வெயிலில் பட்டு வெடிக்கும். ஜனவரி தவறிவிட்டது, கொடியோ வாசலையே மறைக்கிறது என்றால், பாதையில் தொங்குவதை மட்டும் கழித்துவிட்டு முழுக் கவாத்தை அடுத்த தைக்கு ஒத்திப்போடுவதே சரி.

வெட்டுவதற்கு முன்

தரையில் நன்றாக வேரூன்றிய கொடியாக இருந்தால், கவாத்துக்கு இரண்டு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிடலாம். முல்லைத் தோட்டங்களில் இப்படிக் காயப்போடுவது வழக்கம். பழைய இலைகள் உதிர்ந்து கொடி ஓய்வுக்குப் போகிறது, பிறகு வெட்டித் தண்ணீர் விட்டவுடன் எல்லாக் கணுக்களும் ஒரே நேரத்தில் துளிர்க்கின்றன. தொட்டியில் வளர்க்கும் கொடிக்கு இந்த முறை பொருந்தாது. தொட்டி மண் இரண்டு வாரம் காய்ந்தால் வேரே கருகிவிடும்; அங்கே தண்ணீரைக் குறைத்தால் போதும்.

அடுத்து, கொடிக்குள் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அடர்ந்த முல்லைப் பந்தல் கொண்டைக்குருவிக்கும் தேன்சிட்டுக்கும் பிடித்த இடம். முட்டையோ குஞ்சோ உள்ள கூடு இருந்தால் அந்தப் பக்கத்தைக் குஞ்சுகள் பறந்து போகும் வரை விட்டுவைப்பதால் கொடிக்கு ஒன்றும் கெட்டுவிடாது. குளவிக்கூடு இருக்கிறதா என்பதை ஏணியில் ஏறுவதற்கு முன்னரே, கீழே நின்று ஒரு நீண்ட கழியால் தழையை ஆட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். பூ வாசத்துக்குப் பாம்பு வரும் என்று சொல்லி முல்லையை அடியோடு வெட்டியவர்கள் உண்டு. பாம்பு வருவது வாசத்துக்காக அன்று. மண்டிய தழையிலும் அடியில் குவிந்த சருகிலும் எலி, ஓணான், தவளை கிடைப்பதால்தான். கவாத்துச் செய்து தரையைப் பெருக்கி வைத்தால் அந்த அச்சத்துக்குப் பாதி வேலை இல்லாமல் போகும். கொடி மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பியில் ஏறியிருந்தால், அந்தப் பகுதியைத் தொடவே கூடாது. மின்வாரியத்தில் சொல்லி மின் இணைப்பை நிறுத்திய பிறகே அதைக் கழிக்க வேண்டும்.

கருவி என்று பார்த்தால் விரல் பருமன் வரையிலான கிளைகளுக்குக் கவாத்துக் கத்தரியும், அதற்கு மேல் பருத்த தண்டுகளுக்குச் சிறு கைரம்பமும் போதும். அரிவாள் வேண்டாம். முல்லையின் முற்றிய தண்டு நார் நாராகப் பிளக்கும் தன்மையுடையது. அரிவாள் வெட்டில் தண்டு கீழ்வரை கிழிந்து, துளிர்க்க வேண்டிய கணுக்களும் சேர்ந்து போய்விடும். கத்தரியின் அலகை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். நோயுற்ற கிளையை வெட்டிய ஒவ்வொரு முறையும் மறுபடி துடையுங்கள்.

கவாத்து

பந்தலின் மேலே ஏறி வெளித்தழையை வேலி வெட்டுவது போலச் சீராகக் கத்தரிப்பதுதான் பொதுவாக நடக்கும் முதல் தவறு. பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் வெட்டிய ஒவ்வொரு நுனியிலிருந்தும் இரண்டு மூன்று கிளைகள் அதே இடத்தில் வெடித்து, மேல்மூடி முன்பைவிட இறுகிவிடும். வேலை அடியிலிருந்து மேலே போக வேண்டும்.

முதலில் செத்த கிளைகளைப் பிரித்தறிய வேண்டும். இலை இல்லாத கிளை எல்லாம் செத்த கிளை அல்ல. கட்டைவிரல் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டினால், உயிருள்ள கிளையில் உடனே ஈரமான இளம்பச்சை தெரியும். செத்த கிளையில் பழுப்புத் தூளாக உதிரும். இடையில் ஒன்று உண்டு: பட்டைக்கு அடியில் மங்கிய மஞ்சள் கலந்த பச்சை, ஈரம் குறைவு. அத்தகைய கிளையில் கீழ்நோக்கிச் சாண் சாணாகச் சுரண்டிக்கொண்டே வந்தால் எங்கோ ஓர் இடத்தில் நல்ல பச்சை தொடங்கும். அதற்குக் கீழே உள்ள கணுவுக்கு மேல் வெட்டலாம். செத்ததை எல்லாம் நீக்கி முடித்தாலே பல வீடுகளில் கொடியின் பாதிப் பாரம் இறங்கிவிடுகிறது. பின்னிக்கிடப்பதை ஒரே இழுப்பில் உருவ முயல வேண்டாம், உயிருள்ள கிளைகளும் முறிந்து வரும். துண்டு துண்டாக நறுக்கி எடுப்பது மெதுவாக நடந்தாலும் பாதுகாப்பானது.

இப்போது தரையிலிருந்து எழும் தண்டுகள் தெளிவாகத் தெரியும். அவற்றில் பந்தலின் தண்டாக எதை வைத்துக்கொள்வது என்பதே இந்த வேலை முழுவதிலும் யோசித்துச் செய்ய வேண்டிய முடிவு. மிகப் பருமனானதுதான் சிறந்தது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பட்டை பிளந்து, கணுக்கள் மூடிப்போன கிழட்டுத் தண்டைவிட, சுண்டுவிரல் பருமனில் வழவழப்பான பட்டையோடு அடித்தூரிலிருந்து நேராக எழுந்த தண்டுக்கே எதிர்காலம் அதிகம். அத்தகைய நான்கு அல்லது ஐந்து தண்டுகளை, ஒன்றுக்கொன்று இடைவெளி இருக்குமாறு தேர்ந்துகொண்டு, மற்றவற்றைத் தரையை ஒட்டி ரம்பத்தால் அறுத்துவிடலாம். வைத்துக்கொண்ட தண்டுகளிலிருந்து பக்கவாட்டில் கிளம்பும் ஒவ்வொரு கிளையையும் இரண்டு அல்லது மூன்று கணுக்கள் மட்டும் விட்டுக் கத்தரிக்க வேண்டும். கணுவுக்கு மேல் கால் அங்குலம் விட்டு, கணுவில் உள்ள துளிர்மொட்டுக்கு எதிர்ப்பக்கம் சரியுமாறு சற்றே சாய்த்து வெட்டினால் நீர் மொட்டின் மேல் வடியாது. அதிகம் விட்டு வெட்டினால் அந்த மிச்சக் குச்சி காய்ந்து, அந்தக் காய்வு தண்டின் கீழேயும் இறங்கும். கணுவை ஒட்டியே வெட்டினால் மொட்டு அடிபடும்.

நல்ல தண்டு ஒன்றுகூட இல்லாமல் எல்லாமே கிழடாக இருந்தால் என்ன செய்வது? வயலில் முல்லையைப் புதர்ச்செடியாகவே வைத்து ஆண்டுதோறும் தரையிலிருந்து சுமார் 45 சென்டிமீட்டர் உயரத்தில் அத்தனை கிளைகளையும் வெட்டி, மிச்ச இலைகளையும் உருவிவிடுகிறார்கள். செடி சளைக்காமல் துளிர்க்கிறது. வீட்டுக் கொடியையும் அதேபோல் முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிடலாம். தரையில் வேர் நன்றாக இருக்கிறது, அடித்தூரில் ஓரிரு துளிராவது தெரிகிறது, நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் வெயில் விழுகிறது என்ற மூன்றும் அமைந்தால் தயங்க வேண்டியதில்லை. அந்த ஆண்டு பந்தல் வெறுமையாகத் தெரியும், பூவும் சற்றுத் தாமதமாகும். அடுத்த ஆண்டு வந்து நிற்கும் கொடி புதிதாக நட்டதைவிடத் திடமாக இருக்கும். வேர் அழுகலோ வாடலோ கண்ட கொடிக்கும் தொட்டியில் நெருங்கி நிற்கும் கொடிக்கும் இந்த அதிரடி ஆகாது. அவற்றில் பாதித் தண்டுகளை இந்தத் தையிலும் மீதியை அடுத்த தையிலும் வெட்ட வேண்டும். வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை: பக்கத்து மனையில் மாடி எழும்பி உங்கள் வாசல் நிழலாகிவிட்டதென்றால், எத்தனை நேர்த்தியாகக் கவாத்துச் செய்தாலும் பழைய பூவை எதிர்பார்க்க முடியாது. இளங்கிளை ஒன்றை மழைக்காலத்தில் மண்ணில் பதியன் போட்டு, மாடியில் வெயில் படும் இடத்துக்குக் கொண்டுபோவதுதான் வழி.

விரல் பருமனுக்கு மேற்பட்ட வெட்டுவாய்களுக்குப் பூஞ்சணத்தைத் தடுக்கும் போர்டோ பசை தடவுவது பயனுள்ளது. 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டர் நீரிலும் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் சிறுகச் சிறுக ஊற்றிக் கலக்கினால் இளநீலப் பசை கிடைக்கும். இரும்பு, அலுமினியப் பாத்திரங்களில் மயில்துத்தம் வினைபுரியும் என்பதால் பிளாஸ்டிக் வாளி அல்லது மண்சட்டியே ஏற்றது. கலந்த அன்றே பயன்படுத்திவிட வேண்டும். கையுறை அணிவதும் குழந்தைகளைத் தள்ளி நிறுத்துவதும் அவசியம்.

கட்டுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. விட்டுவைத்த தண்டை நேராக நிமிர்த்திக் கட்டினால் அதன் உச்சி மொட்டே எல்லா வளர்ச்சியையும் இழுத்துக்கொண்டு மேலே ஓடும், கீழ்க்கணுக்கள் உறங்கிக் கிடக்கும். அதே தண்டைச் சாய்த்து, பந்தல் கழியின் போக்கில் கிடையாகப் படுக்கவைத்துக் கட்டினால் உச்சியின் ஆதிக்கம் தளர்ந்து, நீளம் முழுவதும் கணுக்கள் துளிர்க்கும். பூ வாசலின் மேல் பரவலாக, கைக்கு எட்டும் உயரத்தில் வரும். முற்றிய தண்டை ஒரே நாளில் வளைக்க முயன்றால் ஒடிந்துவிடும்; வாரத்துக்குச் சிறிதாக இழுத்துக் கட்ட வேண்டும். கட்டுக்கம்பி காலப்போக்கில் பட்டையை அறுத்துவிடும் என்பதால் சணல் கயிறோ வாழை நாரோ கொண்டு, தண்டுக்கும் கழிக்கும் இடையில் ஒரு குறுக்குச் சுற்று விட்டுத் தளர்வாகக் கட்டுவது நல்லது.

உரம்

வெட்டிய அன்றோ மறுநாளோ மண்ணைத் திறக்க வேண்டும். அடித்தூரிலிருந்து ஓர் அடி தள்ளி வட்டமாக நான்கு விரல் ஆழத்துக்குக் கொத்தி, களையும் பழைய சருகும் நீக்கி, நன்றாக மட்கிய தொழு உரம் 10 கிலோவும் வேப்பம் பிண்ணாக்கு கால் கிலோவும் கலந்து இட்டு மண் மூடி, வட்டப்பாத்தி நிறையத் தண்ணீர் விட வேண்டும். மட்காத சாணம் வேண்டாம். அதில் கறையானும் வேர்ப்புழுவும் சேரும், கொதிப்பில் வேரும் வாடும். தூரை ஒட்டியே உரத்தைக் குவிப்பவர்கள் பலர். உணவை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் அங்கே இல்லை, வெளிவட்டத்தில்தான் இருக்கின்றன.

இரசாயன உரம் இடுவோருக்கு, வயல் முல்லைச் செடி ஒன்றுக்கு ஆண்டுக்கு 120 கிராம் தழைச்சத்து (நைட்ரஜன்), 240 கிராம் மணிச்சத்து (பாஸ்பரஸ்), 240 கிராம் சாம்பல்சத்து (பொட்டாசியம்) என்பது பரிந்துரை. அதை இரண்டாகப் பிரித்து ஜனவரியில் கவாத்தின்போது பாதியும், ஜூன், ஜூலையில் மீதியும் இடுகிறார்கள். கடைச்சரக்காகக் கணக்கிட்டால் ஒரு தவணைக்கு யூரியா 130 கிராம், சூப்பர் பாஸ்பேட் 750 கிராம், பொட்டாஷ் 200 கிராம் வருகிறது. நல்ல மண்ணும் தொழு உரமும் உள்ள வீட்டுத் தோட்டத்துக்கு இதில் பாதியே தாராளம் என்பது என் கருத்து. மேலும், இலையே இல்லாமல் நிற்கும் கொடியால் யூரியாவை உடனே பயன்படுத்திக்கொள்ள முடியாது. தண்ணீரோடு அது கீழே இறங்கி வீணாகும். எனவே மண்ணில் மெதுவாகவே நகரும் சூப்பர் பாஸ்பேட்டைத் தொழு உரத்தோடு முதலிலேயே இட்டுவிட்டு, துளிர் விரல் நீளம் வந்த பிறகு யூரியாவையும் பொட்டாஷையும் இடுவது வீட்டுக்கு ஏற்ற முறை. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் தழைச்சத்தைவிட இரு மடங்கு இருப்பதைக் கவனியுங்கள். யூரியாவை மட்டும் போட்டுவிட்டு இலையைக் கண்டு மகிழ்ந்து, பூவைக் காணாமல் வருந்தும் கதை இந்த விகிதம் தலைகீழாவதால்தான் நேர்கிறது.

இயற்கை வழியை விரும்புவோர் கடலைப் பிண்ணாக்கு 100 கிராமை ஒரு லிட்டர் நீரில் மூன்று நாள் ஊறவைத்து, தெளிவைப் பத்து மடங்கு நீரில் கலந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊற்றலாம்; எலும்புத் தூள் இரண்டு கைப்பிடி மணிச்சத்துக்கு, விறகுச் சாம்பல் ஒரு கைப்பிடி சாம்பல்சத்துக்கு. ஆழ்துளைக் கிணற்று நீர் ஏற்கெனவே உப்பாக இருந்தால் சாம்பலைத் தவிர்ப்பது நல்லது, மண்ணின் காரத்தன்மை இன்னும் ஏறும். பஞ்சகவ்யாவை லிட்டருக்கு 30 மில்லி வீதம் கலந்து மாலையில் தெளிக்கலாம். தொட்டிக் கொடிக்கு இந்த அளவுகள் எதுவும் பொருந்தாது: மூன்று சத்தும் சம அளவில் உள்ள, நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 3 கிராம் கலந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை, மண் ஈரமாக இருக்கும்போது ஊற்றினால் போதும்.

இளந்துளிரில் நரம்பு பச்சையாகவும் நடுப்பகுதி வெளிர்மஞ்சளாகவும் தெரிந்தால் அது பெரும்பாலும் இரும்புச்சத்துப் பற்றாக்குறை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும், கட்டட இடிபாடு புதைந்த வாசலோர மண்ணிலும் இது சர்வ சாதாரணம். மேலும் மேலும் உரம் இடுவது இதற்கு மருந்தல்ல. அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளித்து, மஞ்சள் மாறும் வரை மாதம் ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும். சுவரிலும் தரை ஓட்டிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், துருக்கறை போகவே போகாது.

துளிர்த்த பிறகு

துளிர்கள் ஒரு சாண் நீளம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் ஒவ்வொன்றும் இரண்டாகக் கிளைக்கும். மொட்டு சற்றுப் பிந்தினாலும் எண்ணிக்கை கூடும். மொட்டு அரும்பத் தொடங்கிய பின் கிள்ளக் கூடாது. ஒவ்வொரு பூ அலை ஓய்ந்ததும் பூத்து முடிந்த கிளை நுனிகளை ஓரிரு கணு இறக்கிக் கத்தரித்து வந்தால், அடுத்த தையில் மறுபடியும் ஏணியும் ரம்பமும் தேவைப்படாது.

இளந்துளிரைத் தேடி வரும் பூச்சிகளில் மொட்டைத் துளைத்து நூலால் பிணைக்கும் மொட்டுப்புழுவை, வீட்டளவில், பாதித்த மொட்டுக் கொத்தைக் கிள்ளி அழிப்பதாலும் வேப்ப எண்ணெயை லிட்டருக்கு 5 மில்லி, சிறிது சோப்புக் கரைசலோடு தெளிப்பதாலும் கட்டுப்படுத்தலாம். கோடையில் இலையின் அடிப்புறத்தில் செஞ்சிலந்தி சேர்ந்து இலை வெளிறினால், குழாய் நீரை வேகமாக அடிப்புறத்தில் பீய்ச்சுவதே பாதி மருந்து. முல்லைக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு: இலையிலும் தண்டிலும் மொட்டிலும் வெண்ணிறக் கம்பளி ரோமம் போல ஏதோ படர்ந்து, மொட்டு விரியாமலே நிற்கும். இதைப் பூஞ்சணம் என்று பலரும் எண்ணுகிறார்கள்; உண்மையில் இது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேனின் வேலை. அந்தக் கிளைகளை வெட்டி எரித்துவிட்டு, நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு 2 கிராம் கலந்து மாலையில் தெளிக்க வேண்டும். வேப்ப எண்ணெய் தெளித்து மூன்று வாரமாவது ஆகாமல் கந்தகம் தெளித்தால் இலை கருகும். புதிதாக நடுவோர் கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பாரிமுல்லை என்ற இரகத்தைக் கேட்டு வாங்கலாம். அது இந்தச் சிலந்திப்பேனைத் தாங்கக் கூடியது.

இவை எல்லாம் செய்தும், பூ வர வேண்டிய இடத்தில் மொட்டுக்குப் பதிலாகப் பச்சை நிறச் சிற்றிலைக் கொத்துகள் திரண்டு நின்றால், அது கவாத்தாலோ உரத்தாலோ தீரும் குறை அல்ல. வெள்ளை ஈ வழியாகப் பரவும் அந்தப் பச்சைப்பூ நோய் கண்ட கொடியிலிருந்து பதியனோ போத்தோ எடுக்காமல், வேரோடு பிடுங்கி எரித்துவிட்டு, நோயற்ற தாய்க்கொடியிலிருந்து எடுத்த புதிய நாற்றைச் சற்றுத் தள்ளி வேறு குழியில் நட வேண்டும்.